சமையற்கட்டு இங்கிலீஷ்

ரத்தத்துக்கு டாமு. நிறத்துக்கு ரங்கி. வழக்கத்துக்கு மீலா. மூன்று சுவாஹிலிச் சொல்தான், வரிசை மாறாமல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதற்குமேல் ஓர் எழுத்துக்கூட வெளியே வரக்கூடாது. இது ரத்தம் இல்லை, நிறம், எங்கள் வழக்கம். ஸி டாமு, நி ரங்கி, நி மீலா யெத்து. அர்த்தநாரி, உனக்கு இது ஒரு பெரிய காரியமா, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கட்டுரையைப் புள்ளி கமா உட்பட மனப்பாடம் செய்து ஒப்பித்தவன்தானே நீ. அங்கே தப்பினால் முட்டியில் அடி விழும், இங்கே என்ன விழும் என்று தெரியவில்லை. போர்வெல் வண்டியின் கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே வெந்து சாகிறேன், இறக்கினால் அவர்கள் பேசுவது கேட்கிறது, கேட்பதில் பாதி புரிவதில்லை, மறுபடியும் ஏற்றிவிடுகிறேன். எதிரே மாமரத்தடியில் ஊர் கூடிக்கொண்டிருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் கூப்பிடுவார்கள். திருச்செங்கோட்டிலிருந்து வந்து கப்பலேறி, தான்சானியாவின் வறண்ட நடுப்பகுதிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வந்த வண்டி இது. வந்த அன்று இதே மரத்தடியில் பெண்கள் எங்களுக்குக் குலவை போட்டார்கள், எனக்கு அம்மன் கோயில் ஞாபகம் வந்து கண்ணெல்லாம் கலங்கிப்போனது. இன்று குலவை இல்லை. நேற்றுக் காலை எங்கள் டிரில்லர் செங்கோடண்ணன் இந்த வண்டிக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார், உள்ளே குங்குமம் கரைத்து, சில்லறைக் காசு போட்டு. நம் ஊர் என்றால் காய் சிதறுவதற்குள் பிள்ளைகள் காசைப் பொறுக்கிக்கொண்டு பறந்திருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இங்கேயும் ஒரு பிள்ளை பொறுக்கியது. நியாமிஸி என்கிற சின்னப் பெண், கம்ப்ரசர் சத்தத்துக்குத் தினமும் ஆடிக்காட்டுவாளே, முன்பல் விழுந்தவள், அவள்தான். முழங்கை வரை சிவப்போடு வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். சாயங்காலம் காய்ச்சல் வந்துவிட்டது, ராத்திரி முழுக்க உளறல். விடியும்போது ஊரே வந்து அந்தச் சிவப்பு மண்ணைச் சுற்றி நின்றது.

சத்தம் போட்டிருந்தால்கூட தேவலை. சண்டை என்றால் எனக்குப் பழக்கம், குறித்துக் கொடுத்த பாயிண்டில் தண்ணீர் வராவிட்டால் நம் ஊர்க்காரன் அடிக்கவே வருவான், ஏனுங்க என்று ஆரம்பித்து எப்படியாவது சமாதானம் செய்துவிடலாம். இவர்கள் மரியாதையாக நிற்கிறார்கள். ஊர்த்தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசினார். அந்தச் சிவப்பு என்ன என்று நீ சொல், எங்கள் பாஷையில், உன் வாயால் சொல், கூலிக்குப் பேசுகிறவன் வாயால் வேண்டாம் என்றார். கூலிக்குப் பேசுகிறவன் மசாஞ்சா, எங்களுக்கு இங்கிலீஷும் சுவாஹிலியும் மாற்றிச் சொல்ல டவுனிலிருந்து கூட்டி வந்த ஆள். அவர் சொன்னதை எனக்கு மாற்றிச் சொன்னவனும் மசாஞ்சாதான், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று முகத்தில் காட்டிக்கொள்ளாமல். பிறகு எங்கள் ஜீப்பிலேயே பிள்ளையையும் அதன் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். இன்னும் வரவில்லை. போனில் காலையிலிருந்து ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. வெறும் மலேரியாவாக இருக்கட்டும், அர்த்தநாரீஸ்வரா, மலேரியாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு குழந்தைக்கு மலேரியா வரட்டும் என்று வேண்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன், பாருங்கள்.

எல்லாம் இந்தச் செங்கோடண்ணனால் வந்த வினை. இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது, மேனேஜர் நான்தான், உடைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடைத்திருக்க மாட்டார். பாறையைக் குடைகிற ஹேமர் குழிக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தோம், காற்றைக் கொடுத்துப் பார்த்தோம், அதைக் கோத்த ராடு அசையவில்லை. முதலாளி ஊரிலிருந்து போனில் கிழிக்கிறார். அப்போதுதான் செங்கோடண்ணன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "தம்பி, நாஞ் சொல்றனுங்க, இது மண்ணுக் கோளாறு இல்லீங்க. கண்ணுக் கோளாறு." யார் கண்ணுங்ணா என்றேன். "தெனம் டீ ஊத்தறாங்களே, அந்தம்மா. வந்து நின்னு செத்த நேரம் வெறிச்சுப் பாத்துப்போட்டுப் போறாங்க, அடுத்த ராடு எறக்கறதுக்குள்ள மாட்டிக்குது. கண்ணப் பாருங்க, செவசெவன்னு மொளகாப் பழமாட்ட." எனக்கும்தான் தூசி விழுந்து சிவந்து கிடக்கிறது, எனக்கும் சேர்த்து உடைச்சுப் போடுங்க என்றேன். "நக்கல் பண்ணாதீங்க தம்பி" என்று போய்விட்டார். நக்கல் செய்தவன்தான், பூசணிக்காய்க்குச் சந்தைக்கு ஆள் அனுப்பினேன். செய்யாவிட்டால் அவர் மனசு வேலையில் நிற்காது, மனசு நிற்காவிட்டால் கை நிற்காது, ரிக்கில் கை தவறினால் உயிர் போகும், இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடைக்கும்போது அவர் முணுமுணுத்தது எனக்கு நன்றாகக் கேட்டது. ஊருக்கண்ணு, உறவுக்கண்ணு, கொள்ளிக்கண்ணு, நொள்ளக்கண்ணு. அதோடு நிறுத்தாமல் அந்தம்மாவின் வீட்டுப் பக்கம் திரும்பிக் காயை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினார். அந்த ஒரு சுற்றை நான் பார்த்தேன். வேறு யார் பார்த்தார்கள்? மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற யாராவது பார்த்திருந்தால்? இப்போது அவர் பின்னால் நிற்கிற துணை வண்டியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார், வெளியே தலை காட்டினால் உங்களை நானே கொன்றுபோடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தம்மா, மாமா கபூலா. இந்த ஊரில் அம்மாவுக்கு மாமா என்று பெயர், மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். முதல் நாள் நான் மாமா என்று கூப்பிட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, மகள் கபூலா எங்கோ பட்டணத்தில். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவள், அங்கே காதில் விழுந்த இங்கிலீஷ்தான் அவளுக்கு. உப்பு, கரண்டி, வெங்காயம், சீக்கிரம், கழுவு, போதும். எனக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பார்த்து ஒரு சொல்லை நான் சுவாஹிலியில் சொன்னால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். போனைத் தூக்கிப் போடு மெனெஜா, இங்கிலீஷில் சொல்லு, நான் சொல்றேன் என்பாள். வாட்டர் என்பேன், மாஜி என்பாள். ஃபயர் என்பேன், மோட்டோ என்பாள். தினமும் டீ ஊற்றும் நேரத்தில் நாலைந்து சொல். இரண்டு கண்ணும் எப்போதும் சிவந்து நீர் கோத்தபடி இருக்கும், பச்சை விறகை ஊதி ஊதி எண்ணெய்ப் பலகாரம் சுடுகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும். எனக்கு இப்போது ஒரு பழக்கம் ஆகிவிட்டது. யாரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு சொல் வராவிட்டால் என் தலை தானாகத் திரும்பி அவளைத் தேடும், கேட்காமலே அவள் சொல்லிவிடுவாள். லாரிக்காரன், கல் உடைப்பவன், ஊர்த்தலைவர், யாரானாலும் சரி, பாதி வாக்கியம் என்னுடையது, மீதி அவளுடையது. எங்களுக்குள் இருக்கிற சொல் எல்லாம் அடுப்பைச் சுற்றிக் கிடக்கிற சொல்தான். திருஷ்டிக்கு அதில் இடமில்லை.

காலையில் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் மசாஞ்சாவிடம் கேட்டேன், ஈவில் ஐ என்பதற்கு உங்களிடம் சொல் உண்டா என்று. உண்டு என்றான். சொல்லு என்றேன். சொல்ல மாட்டேன் என்றான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நிறம் என்று சொல், வழக்கம் என்று சொல், கண் என்று மட்டும் சொல்லாதே, கண் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது, அந்த ஆளைக் கேட்பார்கள் என்றான். கேட்டு? அவன் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு தன் அம்மா பிறந்த ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னான். அங்கே ஒரு பெண், தனியாக இருந்தவள், கண் சிவந்தவள். யார் முதலில் சொன்னார்கள் என்றே தெரியாதாம். பகலிலேயே எரித்தார்களாம். அவளோடு ஒன்றாகத் தண்ணீர் தூக்கியவர்கள்தானாம். மழை வரவில்லை என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். இங்கேதான் இப்படி என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா. நம் நாட்டுப் பேப்பரில் வராததா, சூனியக்காரி என்று கட்டிவைத்து. அவ்வளவு தூரம் ஏன், என் சொந்த அத்தை. பிள்ளை இல்லாதவள். அவள் வருகிறாள் என்றால் அம்மா தொட்டிலில் கிடக்கும் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள், வெய்யிலடிக்குது அண்ணி என்று ஒரு சாக்கு. அத்தைக்கு அது தெரியும். தெரிந்துதான் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவாள். நாங்கள் யாரையும் எரிக்கவில்லை, கதவை மட்டும் சாத்தினோம். அவள் கண் சிவப்புக்கூட இல்லை, நல்ல பெரிய கண், தங்கச்சியின் போட்டோவைப் பார்த்தாலும் அழுதுவிடுவாள்.

ரத்தத்துக்கு டாமு, நிறத்துக்கு ரங்கி, மூன்றாவது என்ன, மூன்றாவது, ஐயோ, மீலா, மீலா. உள்ளங்கையில் எழுதிக்கொள்ளலாமா, வேண்டாம், கையைப் பார்த்துப் பேசினால் மந்திரம் என்பார்கள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாமா. சாவி இதோ தொங்குகிறது. ராடு குழிக்குள் இருக்கிறது, அதை விட்டுவிட்டா? விட்டால்தான் என்ன, உயிரை விட ராடு பெரிதா. ஆனால் நாங்கள் போய்விட்டால் கேள்வி இங்கேயே நிற்கும், யாராவது ஒருவர் பதிலாக நின்றுதானே ஆக வேண்டும். ஒருவேளை நான் அதற்காக இல்லை, பயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேனோ என்னவோ. இரண்டும்தான். கண்ணாடியில் யாரோ தட்டுகிறார்கள். மாமா கபூலா. தலையில் பலகாரக் கூடை, கையில் பெரிய கெட்டில். இவளுக்கு யாருமே சொல்லவில்லையா, அல்லது எல்லாம் தெரிந்து, நமக்கென்ன என்று வருகிறாளா? கண்ணாடியை இறக்கினேன். டம்ளரை நீட்டினாள். வாங்கவில்லை. "இன்று டீ வேண்டாம், வீட்டுக்குப் போ" என்றேன், கோ, ஹோம், டுடே, மூன்றையும் அவளுடைய பாஷையிலேயே சரியாகச் சொன்னேன், அவள் சொல்லிக்கொடுத்தவைதானே. ஏன் என்றாள். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு தமிழ் வார்த்தை. சும்மா என்றேன். அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "காசில்லையா மெனெஜா, நாளைக்குக் கொடு" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். கதவைத் திறந்து இறங்கி, அவள் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பப் போனேன், மரத்தடியில் பேச்சு நின்றுவிட்டது, எல்லா முகமும் இந்தப் பக்கம் பார்க்கிறது. கையை எடுத்துக்கொண்டேன். எப்படிச் சொல்வேன், உன் கண் சிவந்திருக்கிறது, அதனால் இன்றைக்குக் கண்ணை வீட்டில் வைத்துக்கொள் என்றா. சொன்னால் அவள் என்னை என்னவென்று நினைப்பாள். அந்த வெட்கத்தில்தான் சொல்லாமல் விட்டேன், பாஷை தெரியாததால் மட்டுமில்லை. போலே, போலே என்றாள், ஐயோ பாவம் என்பதற்கும் மெதுவாக என்பதற்கும் இங்கே அதைத்தான் சொல்வார்கள். ஊரே கூடியிருக்கிறது, நல்ல வியாபாரம் என்று கெட்டிலை ஆட்டிக்காட்டிவிட்டு நேராக மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூப்பிட்டுவிட்டார்கள். நடக்கிறேன். செருப்புக்குள் மணல் போகிறது, குனிந்து தட்டலாமா, கூடாது, எதையோ மண்ணில் போடுகிறான் என்பார்கள், மணலோடு நட. ஊர்த்தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில், எனக்கும் ஒன்று போட்டிருந்தார்கள், நான் உட்காரவில்லை. நியாமிஸியின் சித்தப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் கண் ராத்திரி தூங்காத கண், அதுவும் சிவப்புத்தான். ஸி டாமு என்றேன். நி ரங்கி. நி மீலா யெத்து. சொல்லிவிட்டேன், மூன்றும் வந்துவிட்டது, வரிசை மாறவில்லை. சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து என் நாக்கிலேயே தொட்டு வைத்துக்கொண்டேன், பாருங்கள், விஷம் இல்லை. தலைவர் ஒரு சிட்டிகை வாங்கி முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் நீட்டினார். ரங்கி, ரங்கி என்று சொல் கைமாறிக்கொண்டே போனது, முகங்கள் கொஞ்சம் இளகின. முடிந்தது, போய்விடு அர்த்தநாரி, திரும்பிப் பார்க்காமல் போய்விடு. சித்தப்பா கேட்டான், எதற்காக? அந்த வழக்கம் எதற்காக? வண்டி என்றேன். மாட்டிக்கொண்டது என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டு கையையும் பின்னிக்கொண்டு இழுத்துக் காட்டினேன். கெட்டது என்றேன். கெட்டது வந்தது, கெட்டது போக வேண்டும். கூட்டம் யோசித்தது. முன்வரிசையில் ஒரு கிழவர், பொக்கை வாய், ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு விரலைத் தூக்கித் தன் கண்ணுக்குக் கீழே வைத்துக் காட்டி, "ஜிச்சோ?" என்றார். கண்ணா என்கிறார். புரிந்துவிட்டது அவருக்கு! ஒரு பூசணிக்காயின் அர்த்தம் கடல் தாண்டி இந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு மசாஞ்சாவும் நினைவில்லை, ஜீப்பும் நினைவில்லை, மூழ்குகிறவனுக்குக் கரை தட்டின மாதிரி ஆகிவிட்டது. ஆமாம் ஆமாம், ஜிச்சோ, ஜிச்சோ என்றேன். கூட்டம் ஆவென்று மூச்சு விட்டது. சிரித்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள், நான் என் அரைஞாண் கயிற்றைத் தூக்கிக் காட்டினேன், இன்னும் சிரித்தார்கள், தலைவர் என் முதுகில் தட்டினார். இந்த ஊருக்கு வந்து இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். யாருடைய கண் என்றான். சத்தமில்லாமல், நல்லபடியாகத்தான் கேட்டான். லா நானி? யாருடையது? கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது, புரியாமல் இருந்திருக்கலாம். ஊருக்கண்ணு என்று சொன்னால் உங்கள் எல்லாருடைய கண்ணும் என்றாகும். அப்படி இல்லையப்பா, அது பொதுவாகச் சொல்வது, நாய்க்கண்ணும் நரிக்கண்ணும் உண்டு அதில், என் கண்ணும்கூட உண்டு, ஆளைக் குறித்து இல்லை, யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லை என்பதற்கு என்ன சொல்? இல்லை என்பதற்கு? நோ, நத்திங், நோபடி. தெரியும், எனக்குத் தெரியும், தினமும் கேட்கிற சொல், வாயில் குங்குமத்தின் கசப்பு மட்டும் இருக்கிறது. லா நானி என்று மறுபடியும் கேட்டான். அப்போது என் தலை திரும்பியது. நான் திருப்பவில்லை, அது தானாகத் திரும்பியது, சொல் கிடைக்காதபோதெல்லாம் எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம். மாமா கபூலா கூட்டத்தின் ஓரத்தில் ஒரு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்து நிமிர்ந்தாள். என் முகத்தோடு சேர்ந்து சித்தப்பாவின் முகம் திரும்பியது, கிழவரின் முகம், தலைவரின் முகம், கயிற்றைக் காட்டிய பெண்ணின் முகம். அவள் பக்கத்தில் இருந்தவன் வாங்கிய டம்ளரைக் குடிக்காமல் தரையில் வைத்தான். இந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்தார்கள், அந்தப் பக்கம் இருந்தவர்கள் நகர்ந்தார்கள், எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆள் இல்லாமல் ஒரு பாதை விழுந்தது. தனக்கு வழி விடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கெட்டிலைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அந்தச் சிவந்த கண் சுருங்கச் சிரித்தபடி நடந்து வந்தாள். "எந்த வார்த்தை வேண்டும் மெனெஜா? இங்கிலீஷில் சொல்லு." அப்போதுதான் அது வந்தது. இந்த நாட்டில் இறங்கிய அன்றே, கடையில் எதைக் கேட்டாலும் காதில் விழுந்த சொல். ஹாக்குனா என்றேன். இல்லை, யாருமில்லை, ஹாக்குனா, ஹாக்குனா என்று கத்தினேன். அவளுக்குப் பின்னால் பாதை மூடிக்கொண்டிருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை.